நாலு மணிக்குத் திருப்ப வேண்டிய கார்

காலை ஒன்பதே முக்காலுக்குப் பெரியவள் ஒரு வேனின் கதவை அடித்துக்கொண்டிருந்தாள். கதவை மட்டும்தான் அடித்தாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் வேன்காரர், பொம்பளை டிங்கர் கடையில் வண்டியை விட்டது தன் தலையெழுத்து என்று முனகித் தொலைத்தார். அவர் காலரைப் பிடித்து, முதுகு தகரச் சுவரில் மோதும்படி ஒரு தள்ளு தள்ளிவிட்டுத்தான் அவள் சுத்தியலை எடுத்தாள். மனிதர் சட்டையைச் சரிசெய்துகொண்டு, மதியம் வந்து எடுத்துக்கொள்வதாக மிக மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பெரியவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல். அது உங்களுக்குத் தெரிந்த கதை.

தெரியாதவர்களுக்கு, நடந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். பெரியவளின் ஒரே தம்பி, வீட்டில் எல்லோருக்கும் சின்னவன், குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் ஏழு வருடம் மேற்பார்வையாளனாக இருந்தான். சரியாக ஒரு மாதத்துக்கு முன்னால் ஆள் குறைப்பு என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று மாலையே கிடங்கின் பின்பக்கச் சாலையில் அவன் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, அடிபட்டுக் கிடந்தான். அதே கிடங்கில் சின்னவனே சிபாரிசு செய்து சேர்த்துவிட்டவன். அடித்த வண்டி நிற்காமல் போய்விட்டதாம்; மச்சினனும் அதைப் பார்க்கவில்லை. கிடந்தவனைத் தன் காரின் பின்சீட்டில் தூக்கிப் போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோனது சின்னவன்தான். மாமா இல்லையென்றால் நான் இல்லை என்று மச்சினன் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். வேலை போன துக்கத்திலும் மனிதன் எப்படி ஓடியிருக்கிறான் பார் என்று தெருவே சின்னவனைப் புகழ்ந்தது. நானும் இந்தத் தொடரின் பக்கங்களில் இரண்டு வாரம் புகழ்ந்தேன்.

மிச்சம் இருப்பது அந்தக் கார். லீஸுக்கு எடுத்தது. இன்னும் பத்தொன்பது மாதம் பாக்கி. வேலை போனவர்கள் ஒரு மாதத்துக்குள் வண்டியைத் திருப்பிக் கொடுத்து, சேதமிருந்தால் அதற்கான பணத்தையும் கட்டி, வேலை போனதற்கான கடிதத்தையும் காட்டினால், லீஸ் கம்பெனி மூன்று மாதத் தொகையோடு விட்டுவிடும். அந்த ஒரு மாதம் இன்று மாலை நாலு மணியோடு முடிகிறது.

பெரியவள் வேன் கதவின் கடைசி நெளிவைத் தட்டிக்கொண்டிருந்தபோது அந்தக் கார் பட்டறைக்குள் நுழைந்தது. ஓட்டி வந்தவள் சின்னவனின் மனைவி. மருந்துக் கடையில் வேலை செய்வதால் அவளுக்கு மாத்திரை என்று பெயர் வைத்ததே பெரியவள்தான். ஆளும் சிறிசு, சில நேரம் கசப்பும் உண்டு.

"என்னடி மாத்திரை, கடைக்கு மட்டமா?"

"அரை நாள் லீவு அண்ணி. சத்தம் போடாதீங்க, இது அவருக்குத் தெரியாது." கையில் இருந்த மாற்றுச் சாவியை ஆட்டிக் காட்டினாள். "கம்பெனிக் கடிதம் வாங்க பஸ்ல போயிருக்காரு. ரெண்டு மணிக்கு வந்து வண்டிய எடுப்பாரு. அதுக்குள்ள நீங்க இதைச் சரி பண்ணிட்டா, ஆளு அசந்துடுவாரு."

"எதை?"

"முன்னாடி பாருங்க. பார்க்கிங்ல தூண்ல இடிச்சுட்டாராம். வேலை போன அன்னிக்கு, அந்தக் கோபத்துல. வீட்டுல சுவரைப் பாக்க ஒட்டி நிறுத்திட்டு ஒரு மாசமா எடுக்கவே இல்ல. அக்காகிட்ட கொண்டு போங்கன்னு தினமும் சொல்றேன். அக்காவைத் தொந்தரவு பண்ணக் கூடாதாம். சேதத்துக்கு அவங்க போடறதைக் கட்டிடலாமாம். டிங்கர் கடைக்காரி தம்பிக்கு இவ்வளவு வீராப்பு ஆகுமா?"

பெரியவளுக்குச் சுருக்கென்று இருந்தது. தொந்தரவா? பள்ளிக்கூடத்தில் சின்னவனைச் சீண்டிய இரண்டு பேரின் பல்லை உடைத்தவள் அவள். அவனுக்காக எவன் வாயை உடைக்கவும் அவள் நாள் நட்சத்திரம் பார்த்ததில்லை.

"வரட்டும், காதைத் திருகுறேன்," என்றாள். "லீஸ் கம்பெனி ஆளு ஓட்டை போட்ட ஒரு அட்டை வச்சிருப்பான். பள்ளம் ஓட்டைக்குள்ள அடங்கினா தேய்மானம், அடங்கலேன்னா சேதம். புதுசா பெயிண்ட் அடிச்சாலும் கருவி வச்சுக் கண்டுபிடிச்சுடுவான். அதனால பெயிண்ட்டைத் தொடாம பின்னாடியிருந்து தள்ளித்தான் எடுக்கணும். மூணு மணி நேர வேலை. நீ அந்த ஸ்டூல்ல உக்காரு, வாய மட்டும் கொஞ்சம் ஓய்வுல வை."

பானெட்டைத் தூக்கி நிறுத்தினாள். வெளியே பார்த்தால் கண் ஏமாறும். தகட்டின் முதுகைத் தொட்டால்தான் என்ன மோதியது என்று தெரியும். கையுறையைக் கழற்றிவிட்டு, வெறும் விரல்களை உள்ளே விட்டுத் தடவினாள்.

தடவிய கை நின்றது.

தூணில் மோதிய தகடு ஒரே கோடாக மடியும். பம்பர் வெடிக்கும். சிமெண்ட் உரசிய தடம் இருக்கும், பெயிண்ட் உரிந்திருக்கும். முப்பது வருடத்தில் அவள் தூணில் மோதிய வண்டிகளை மட்டுமே நூறு பார்த்திருப்பாள். இங்கே பம்பரில் ஒரு கிளிப் கழன்றிருந்தது, அவ்வளவுதான். பானெட்டின் முன்விளிம்பு ஒரு முழ அகலத்துக்கு மெத்தென்று அமுங்கியிருந்தது. அதற்கு மேலே, கண்ணாடிக்குப் போகும் வழியில், ஆழமில்லாத பெரிய பள்ளம். ஒரு கீறல் கிடையாது. பெயிண்ட் பளபளவென்று அப்படியே இருந்தது.

இரும்போ கல்லோ மோதினால் இப்படி ஆகாது. சதை மோதினால்தான் ஆகும்.

பெரியவள் சுற்றி வந்து காரின் முன்னால் நின்றாள். தன் காலைப் பம்பரோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள். விளிம்பு எங்கே படுகிறது என்று விரலால் தொட்டுக்கொண்டாள்.

"மாத்திரை, உன் தம்பிக்கு எந்தக் காலு?"

"இடது காலு. ஏன் அண்ணி?"

"எந்த இடத்துல எலும்பு உடைஞ்சுது?"

"முட்டிக்கு மேல. தொடை எலும்பு ரெண்டா போயிடுச்சு. அப்புறம் இடது தோளு. ராத்திரியெல்லாம் கத்துறான் அண்ணி. திருப்பிப் படுக்க வைக்கறதுக்குள்ள எனக்கு உயிர் போயிடுது."

"உசரம்?"

"என்னை விட ஒரு ஜாண் கூட. என்ன இது, சட்டை தைக்கப் போறீங்களா?"

பெரியவள் திரும்பி நடந்தாள். சுவரில் தொங்கிய நீளக் கம்பிகளில் வளைந்த முனை உள்ள ஒன்றை எடுத்தாள். ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் உங்களில் சிலர் அவளை நல்லவள் என்று கடிதம் எழுதுகிறீர்கள். அந்தக் கம்பியைக் கையில் எடுத்தபோது அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்தும்தான் கம்பியைத் தகட்டின் முதுகில் வைத்தாள். தம்பி என்றால் அவளுக்கு அப்படி. நாலு மணிக்குக் கார் போய்விடும், இரண்டு நாளில் யாருக்கோ கைமாறிவிடும், யாருக்கும் தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு அழுத்து அழுத்தினாள். மேல் பள்ளத்தில் கால் பங்கு டப்பென்று எழும்பி மறைந்தது.

"அடேயப்பா!" என்று மாத்திரை கை தட்டினாள். "இவ்வளவுதானா? என் தம்பியையும் இப்படி யாராவது தட்டி நிமிர்த்தினா எவ்வளவு நல்லா இருக்கும். நேத்து டாக்டர் சொல்லிட்டாரு அண்ணி. அந்தக் காலு இனி மடங்காதாம். இருபத்தஞ்சு வயசு. அவன்கிட்ட இன்னும் சொல்லலை."

கம்பி பெரியவளின் கையிலிருந்து நழுவி எஞ்சினுக்குள் விழுந்தது. அவள் அதை எடுக்கக் குனியவில்லை. மாத்திரை அவள் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஈயாடவில்லை. மாத்திரை முட்டாள் இல்லை. நூறு பேரின் மருந்துச் சீட்டைப் பார்த்தே வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று சொல்கிறவள்.

"அண்ணி, என் தம்பி உசரத்தை எதுக்குக் கேட்டீங்க?"

பெரியவள் பானெட்டைப் பார்த்தபடியே நின்றாள்.

"அண்ணி, உங்களைத்தான் கேக்குறேன். இந்தக் காரு எதுல மோதிச்சு?"

"உன் புருஷனைக் கூப்பிடு," என்றாள் பெரியவள்.

மாத்திரை போனைப் போட்டாள். ஒலிபெருக்கியிலும் போட்டாள். கடிதம் கிடைத்துவிட்டது, பஸ் நிறுத்தத்தில் இருக்கிறேன் என்று சின்னவன் உற்சாகமாக ஆரம்பித்தான்.

"வண்டி உங்க அக்கா பட்டறையில இருக்கு," என்றாள் மாத்திரை.

அந்தப் பக்கம் ஒரு லாரி போகிற ஓசை மட்டும் கேட்டது. பிறகு அவன் கத்தினான். "தொடாதேன்னு சொன்னேன்ல! எவடி உன்னை அங்க கொண்டு போகச் சொன்னா? அக்கா கைய வச்சிட்டாளா? சொல்லு, கைய வச்சிட்டாளா?"

மாத்திரை போனை அணைத்தாள். அவளுக்கு அதற்கு மேல் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

இருபது நிமிடத்தில் டாக்சி வந்து நின்றது. சின்னவன் ஒரு கையில் கடிதத்தோடு ஓடி வந்தான். ஓடி வந்தவன் முதலில் அக்காவைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்க்கவில்லை. பானெட்டைப் பார்த்தான். அதில் கால் பங்கு நிமிர்ந்திருந்ததைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்குத்தான் முதல் அறை விழுந்தது.

தகடு அடிக்கிற கை. சின்னவன் இரண்டடி பின்னால் போய் டயர் அடுக்கில் விழுந்தான்.

"எதுலடா இடிச்சே?"

"தூண்லக்கா."

இரண்டாவது அறை. உதடு கிழிந்தது.

"எந்தத் தூணு? எவ்வளவு உசரம்? நடக்கிற தூணா?"

"அக்கா, நான் சொல்றதைக் கேளு..."

"அந்தத் தூணுக்கு நான் கஞ்சி ஊட்டினேண்டா! போன ஞாயித்துக்கிழமை கூட ஊட்டினேன்! நீ பக்கத்துல உக்காந்து வாயத் துடைச்சு விட்டே!"

மூன்றாவது அடி ஓங்கியபோது அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பிடித்ததோடு நிற்காமல் முறுக்கினான். பெரியவள் தலையால் அவன் மார்பில் முட்டினாள். இருவரும் கட்டிப் புரண்டு தகரச் சுவரில் மோத, சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனர்கள் சலசலவென்று கொட்டின. சின்ன வயதில் ரிமோட்டுக்குச் சண்டை போட்ட அதே இரண்டு பேர்தான். ஆனால் அப்போது யாரும் யாருடைய கழுத்தையும் பிடித்ததில்லை. இப்போது சின்னவன் பிடித்தான்.

"விடுங்க," என்றாள் மாத்திரை.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. கையில் ஒரு வீல் ஸ்பேனர் இருந்தது. அவன் விடவில்லை. அவள் அதை அவன் முதுகில் இறக்கினாள். கோணி மூட்டையில் அடித்ததுபோல் ஒரு சத்தம் வந்தது. சின்னவன் அலறிக்கொண்டு கையை விட்டான். முட்டி போட்டுத் தரையில் சரிந்தான்.

"இப்பச் சொல்லுங்க," என்றாள். "என் தம்பி என்ன பண்ணினான்?"

அவன் அழுதான். அழுகையும் எச்சிலும் ரத்தமுமாக வந்தது.

"ரெண்டு பேர்ல ஒருத்தனைத்தான் வச்சுக்குவோம்னாங்க. அவனை வச்சுக்கிட்டாங்க. நான் கூட்டிட்டு வந்து சேர்த்தவன். நான் கத்துக்கொடுத்தவன். என் நாற்காலிய அவனுக்குக் கொடுத்துட்டாங்க. அவன் என்கிட்டயே வந்து ஃப்ரீசர் ரூம் சாவியைக் கேக்குறான். கொடுத்துடுங்க மாமான்னு சொல்லிச் சிரிக்கிறான். எல்லார் முன்னாடியும் சிரிக்கிறான்!"

"சிரிச்சானா?" மாத்திரை வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ, அவனுக்குப் பயந்தா சிரிப்பு வரும். எங்கப்பா செத்த அன்னிக்குக் கூடச் சிரிச்சான். ஆறு வருஷமா நம்ம வீட்டுல சாப்பிடறான், உங்களுக்கு இது தெரியாதா?"

சின்னவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். தெரியும். மறந்துவிட்டான். அல்லது அந்த நேரத்தில் மறக்க வேண்டியிருந்தது.

"வெளியில வந்து வண்டிய எடுத்தேன். அவன் பின்வாசல்ல ரோட்டைக் கடந்துக்கிட்டிருந்தான். என் சாவிக்கொத்தைச் சுத்திக்கிட்டே போறான். கண்ணு இருட்டிடுச்சு. அப்புறம் பிரேக் போட்டேன். சத்தியமா போட்டேன். வண்டி நிக்கலை. அது ஒரு விபத்து. இறங்கி ஓடிப்போய்த் தூக்கினேனா இல்லையா? அவன் பொழைக்கக் காரணமே நான்தானே?"

மாத்திரை ஒரு கணம் தடுமாறினாள். மனிதர்களுக்கு ஒரு நொடி கண் இருட்டும்தான். பிரேக் போட்டேன் என்கிறான். தூக்கிக்கொண்டு ஓடினான், அதுவும் உண்மை. ஆறு வருடம் பக்கத்தில் படுத்தவன். அவள் கண்கள் பெரியவளைத் தேடின.

பெரியவள் கழுத்தைத் தடவிக்கொண்டு எழுந்து நின்றாள். பேசாமல் இருந்திருக்கலாம். தம்பி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், பேசாதே என்று கண்ணாலேயே கெஞ்சினான்.

"பிரேக் போட்டா வண்டி மூக்கு குனியும்," என்றாள் அவள். "குனிஞ்சா முட்டிக்குக் கீழ கெண்டைக்கால்ல படும். ஆளு இன்னும் மேல ஏறி விழுவான். இது முட்டிக்கு மேல பட்டிருக்கு. இவன் பிரேக்கைத் தொடவே இல்லை. மிதிச்சிருக்கான். மோதற வரைக்கும் மிதிச்சிருக்கான்."

பிறகு நடந்ததெல்லாம் மிகச் சீக்கிரம் நடந்தது.

சின்னவன் எழுந்தான். மனைவி தடுப்பதற்குள் காரின் கதவைத் திறந்து உள்ளே பாய்ந்தான். தன் சாவியைப் போட்டுத் திருகினான். எஞ்சின் உறுமியது. பானெட் மூடி திறந்தே கிடந்தது. வண்டி பின்னால் சீறியபோது அது தடாலென்று விழுந்து மூடிக்கொண்டது. வாசல் வரை பின்னால் போய் நின்றான். எதிரே, பட்டறையின் நடுவில், மின்சாரப் பெட்டி மாட்டிய சிமெண்ட் தூண்.

எதற்கு என்று பெரியவளுக்கு உடனே புரிந்துவிட்டது. தூணில் இடித்தேன் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். இப்போது இடித்துவிட்டால் அது உண்மையாகிவிடும். மூட்டையாகச் சுருங்கிய தகட்டில் எவளாலும் எதையும் படிக்க முடியாது.

அவள் ஓடிப்போய்த் தூணுக்கு முன்னால் நின்றாள்.

"அண்ணி, வேண்டாம்!" என்று மாத்திரை அலறினாள்.

"வாடா," என்றாள் பெரியவள். கையில் பெரிய சுத்தியல் இருந்தது. "வா. உனக்குத்தான் பழக்கமாச்சே."

"தள்ளிப் போக்கா!" கண்ணாடிக்குப் பின்னால் அவன் வாய் கோணியது. "தள்ளிப் போ! உன்னை ஒண்ணும் பண்ண மாட்டேன், தள்ளிப் போயிடு!"

"அவனும் தள்ளித்தாண்டா போயிருப்பான், நீ வர்றது தெரிஞ்சிருந்தா!"

கார் பாய்ந்தது.

பெரியவள் நகரவில்லை. இரண்டு கையாலும் சுத்தியலைச் சுழற்றி வீசினாள். அது முன்கண்ணாடியின் நடுவில் விழுந்தது. கண்ணாடி முழுக்க வெள்ளையாக நொறுங்கி அவன் பார்வையை மறைத்தது. அவன் ஸ்டியரிங்கை ஒடித்தான். கார் அவளை உரசிக்கொண்டு திரும்பி, காற்றடிக்கும் கம்ப்ரஸர் மேல் பக்கவாட்டில் மோதியது. கதவு இரண்டும் உள்ளே குழிந்தன. காற்றுக் குழாய் அறுந்து, அடிபட்ட பாம்பாகத் தரையில் துள்ளித் துள்ளிச் சீறியது. பெரியவள் தரையில் கிடந்தாள். வலது முன்கை முழங்கைக்குக் கீழே போகக் கூடாத பக்கம் போயிருந்தது.

மாத்திரை நசுங்காத பக்கத்துக் கதவைத் திறந்து சாவியைப் பிடுங்கினாள். பிறகு கணவனைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தாள். அந்தச் சின்ன உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். தரையில் போட்டு, கன்னத்தில், காதில், கையில் கிடைத்த இடத்திலெல்லாம் அடித்தாள். வாய் ஓயாமல் தம்பியின் செல்லப்பெயரையே சொல்லிக்கொண்டிருந்தது. அவன் தடுக்கவில்லை. அடிக்கிறவள் ஓயும் வரை வாங்கிக்கொண்டான்.

ஓய்ந்த பிறகு அவள் போய்க் காற்றுக் குழாயின் வாயை மூடினாள். பெரியவளின் கையை ஒரு மரச்சட்டத்தோடு சேர்த்துத் துணியால் கட்டினாள். பெரியவள் ஒரு முனகல்கூட முனகவில்லை. உதட்டைக் கடித்ததில் அங்கேயும் ரத்தம்.

கம்ப்ரஸரில் மோதிய பக்கமெல்லாம் சின்னாபின்னம். ஆனால் பானெட்டின் முன்விளிம்பு மட்டும் அப்படியே இருந்தது. ஒரு முழ அகலம், மெத்தென்ற அமுங்கல், கீறலில்லாத பெயிண்ட்.

தரையில் கிடந்த மாத்திரையின் போன் ஒலித்தது. லீஸ் கம்பெனி.

"மேடம், இன்னிக்கு நாலு மணிக்கு உங்க வண்டி வருதுன்னு போட்டிருக்கு. உறுதி பண்ணத்தான் கூப்பிட்டேன்."

மாத்திரை காரைப் பார்த்தாள். இந்த வீட்டில் இனி ஒரு சம்பளம்தான். அதில் மடங்காத ஒரு காலுக்கும் மருந்து வாங்க வேண்டும். வண்டி போனால் மூன்று மாதத் தொகையோடும் சேதப் பணத்தோடும் தொல்லை விட்டது. வண்டி போனால், தன் தம்பியை யார் இப்படி ஆக்கினார்கள் என்று சொல்ல உலகத்தில் வேறு எதுவும் இல்லை.

"வராது," என்றாள்.

"மேடம், இன்னிக்குத்தான் கடைசி நாள். தவறினா சலுகை போயிடும். பத்தொன்பது மாசமும் முழுசா கட்டணும்."

"கட்டுறேன். பத்தொன்பது மாசமும் நானே கட்டுறேன். இந்த வண்டிய யாரும் எடுக்க வரக் கூடாது. யாரும் தொடக் கூடாது."

"மேடம், வண்டிக்கு ஏதாவது..."

அவள் போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். இருவரையும் வெளியே கொண்டுவந்து, காரை உள்ளே விட்டுப் பட்டறையின் இரும்புக் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, வெளியே காத்திருந்த டாக்சியைக் கைகாட்டி அழைத்தாள். சின்னவன் இறங்கிய அதே டாக்சி. சத்தம் கேட்டுப் பயந்து போன டிரைவர் வாடகை வாங்காமல் போக மனசில்லாமல் தெருமுனையில் நின்றிருந்தார்.

"அண்ணி," என்றாள். "நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன். போற வழியில உங்க கையை ஆஸ்பத்திரியில காட்டிடலாம். ஆனா ஸ்டேஷனுக்கு நீங்க வரணும்னு நான் கேக்க மாட்டேன். அவரு உங்க தம்பி. பிரேக் போட்டேன், விபத்துன்னு அவரு சொல்லுவாரு. இல்லைன்னு சொல்ல உங்களாலதான் முடியும். என் வாயால கேக்க மாட்டேன், அவ்வளவுதான்."

சின்னவன் தவழ்ந்து வந்து அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டான். அவனுக்குப் பேச உதடு இல்லை, இரண்டும் வீங்கிக் கிடந்தன. காலை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு முகத்தை அதில் புதைத்துக்கொண்டான்.

பெரியவள் இடது கையால் அவன் தலையைத் தடவினாள். முடியில் கண்ணாடித் துகள்கள் இருந்தன. ஒவ்வொன்றாக, நிதானமாக, நான்கைந்தை எடுத்துப் போட்டாள். பிறகு காலை உருவிக்கொண்டாள்.

"எழுந்திரு. வாசல்ல இருக்கிற மேசை டிராயர்ல கொஞ்சம் பணம் இருக்கு, எடுத்துக்கோ," என்றாள். "ஆஸ்பத்திரியில எனக்கு ரெண்டு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள நீயா ஸ்டேஷனுக்கு வந்து நின்னா, பக்கத்துல நான் உக்காருவேன். ஓடிட்டேன்னா, உன்னைத் தேடறவங்களுக்கு நீ எங்கெல்லாம் ஒளிவேன்னு ஒவ்வொரு இடமா நானே சொல்லுவேன். ரெண்டுல எதைச் செஞ்சாலும், முட்டிக்கு மேலன்னு சொல்லுவேன். அதை மட்டும் மாத்த மாட்டேன்."

டாக்சியில் ஏறி, உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, கதவை மூடச் சொன்னாள். வண்டி தெருமுனை திரும்பும்வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மாத்திரைதான் பார்த்தாள். சின்னவன் பட்டறை வாசலில் எழுந்து நின்றிருந்தான். ஒரு அடி டாக்சி போன பக்கம் வைத்தான், ஒரு அடி எதிர்ப்பக்கம் வைத்தான், மறுபடி நின்றான்.